நாலு நிமிஷப் பழுது

நாலு நிமிஷத்தில் சரிசெய்யக்கூடிய ஒரு பழுதைப் பதினோரு நாள் சரியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. தெரியாதவனால் அது முடியாது. தெரியாதவன் எதையாவது குடையப்போய், கை தவறிச் சரிசெய்து தொலைத்துவிடுவான். முழுக்கத் தெரிந்தவனால்தான் தொடக்கூடாத ஒன்றை மட்டும் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் தொட முடியும். நான் தெரிந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது உங்களுக்கு அதில் சந்தேகம் வரக்கூடும்.

என் தொழில் சத்தம் கேட்பது. குளிர்பதனக் கிடங்கில் இரவு ஆபரேட்டர். எட்டு கம்ப்ரஸர், ஒரு நாற்காலி, நான். எட்டும் ஒழுங்காக இரைந்துகொண்டிருந்தால் நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஒன்று சுருதி மாறினால் எழுந்து போக வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குக் 'காது' என்று பேர் வைத்திருக்கிறார்கள். "காது வந்தாச்சா?" "காது இன்னிக்கு லீவு." ஒரு மனுஷனில் ஒரு பாகத்துக்காவது மரியாதை கிடைக்கிறதே என்று நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

மின்சாரம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. கன்ட்ரோல் ரூமில் யாரும் பிரித்துப் பார்க்காத மிஷின் கையேடுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. ராத்திரியோ நீளம். படித்தேன். மற்றவர்கள் தூங்கும்போது நான் தெரிந்துகொண்டதை, மற்றவர்கள் விழித்திருக்கும்போது சொல்ல முடியாமல் நான் தூங்கிப்போகிறேன். என் அறிவு வெளியே தெரியாமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

காலை ஏழரைக்கு வீடு. எட்டரைக்குக் கட்டில். மத்தியானம் இரண்டு வரை தூக்கம். ஊரெல்லாம் ஓடியாடுகிற நேரத்தில் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு, தூக்கம் என்பது ஓய்வு இல்லை. அது ஒரு சொத்து. அந்தச் சொத்தில்தான் பங்கு கேட்டு வந்தாள் என் மனைவி.

அவள் தையல் ஆசிரியை. ஒரு தையல் பள்ளிக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். காலை பத்திலிருந்து ஒன்று வரை. முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு வீட்டிலிருந்து. கம்ப்யூட்டர் இருப்பது முன்னறையில். அவள் துணி வெட்டுகிற பெரிய மேசை இருப்பது முன்னறையில். என் கட்டில் இருப்பதும் முன்னறையில். பத்திலிருந்து ஒன்று வரை என்பது என் தூக்கத்தின் நடுத்துண்டு.

"ஹெட்போன் போட்டுக்கோயேன்மா."

"போட்டா கட்டிப்போட்ட கன்னுக்குட்டி மாதிரி கம்ப்யூட்டர் பக்கத்துலயே நிக்கணும். நான் இந்தக் கோடியில துணி வெட்டறேன். ரெண்டு கையும் வேலையில இருக்கு. ஸ்பீக்கர்ல கேட்டாத்தான் யார் என்ன சந்தேகம் கேக்கறாங்கன்னு தெரியும். நீங்க காதுல பஞ்சு வச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன். பஞ்சைத் தாண்டி என் தூக்கத்துக்குள் தையல் வகுப்பு நடந்தது. "கழுத்த இன்னும் அரை இஞ்ச் இறக்கி வெட்டுங்க" என்று கேட்கும். நான் கனவிலேயே என் கழுத்தைப் பிடித்துக்கொள்வேன். "கை ரெண்டும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க" என்று கேட்கும். போர்வைக்குள் பார்த்துக்கொள்வேன்.

பின்னறை ஒன்று உண்டு. அதில் என் சாமான்கள் இருந்தன. அதாவது, இன்றைக்கு உதவாவிட்டாலும் என்றைக்காவது உதவப்போகிறவை. ட்ரான்ஸ்ஃபார்மர் ஏழு. பாடாத டேப் ரெக்கார்டர் மூன்று. சுற்றாத ஃபேன் மோட்டார், ஒயர்ச் சுருள்கள், மூடி இல்லாத ரேடியோக்கள், ரேடியோ இல்லாத மூடிகள். உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மூச்சை வெளியே வந்துதான் விடலாம்.

"பின்னாடி ரூம்ல படுங்களேன்" என்பாள்.

"அங்க எங்கம்மா இடம் இருக்கு?"

"சாமான எடுத்தா இருக்கும்."

"எடுத்து எங்க வைக்கறது?"

"வைக்கணும்னு யார் சொன்னா?"

இந்த இடத்தில் நான் தூங்கிவிடுவேன். நாலு வருஷமாக இந்தப் பேச்சு இதே இடத்தில்தான் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஸ்பீக்கர் இரைய ஆரம்பித்தது. ம்ம்ம்ம் என்று, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிப்பது மாதிரி ஒரு சத்தம். பாடத்துக்கு நடுவில் ஒரு பெண் கேட்டாள். "அக்கா, உங்க வீட்டுல வண்டு பூந்துருச்சா?"

"இல்லம்மா, அவர் தூங்கறார்னு நெனச்சேன். பாத்தா ஸ்பீக்கர்."

அப்புறம் என் தோளைத் தட்டினாள். "என்னங்க. கொஞ்சம் காது வேணும்."

எழுந்தேன். இனிமேல் நடந்தது நாலு நிமிஷம்.

முதல் நிமிஷம்: சத்தத்தைக் கேட்டேன். சீரான, கட்டையான இரைச்சல். கரண்ட்டின் சத்தம்தான், பாட்டின் சத்தம் இல்லை. இரண்டாவது: கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரின் பின்னைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. ஸ்பீக்கர் உத்தமம். மூன்றாவது: அதே பின்னை என் போனில் சொருகினேன். இரைச்சல் இல்லை. ஒயரும் உத்தமம். நாலாவது நிமிஷம் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்து சுவிட்ச் போர்டில் கம்ப்யூட்டர் பிளக் இருந்தது. அதன் பக்கத்தில் எப்போதும் ஸ்பீக்கர் பிளக் இருக்கும். அன்றைக்கு அங்கே இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஸ்பீக்கர் பிளக் இடம் மாறி வாசல் பக்கத்து போர்டுக்குப் போயிருந்தது. துணி தேய்ப்பதற்காக அவள் மாற்றியிருக்கிறாள்.

அவ்வளவுதான் விஷயம். இரண்டு சாமான், இரண்டு போர்டு, நடுவில் ஒரு ஒயர். இரண்டு போர்டுக்கும் எர்த் வேறு வேறு வழி. அந்த இரண்டு வழிக்கும் நடுவில் கொஞ்சம் கரண்ட் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வெட்டிச் சுற்றலைத்தான் ஸ்பீக்கர் பாடுகிறது. பிளக்கைப் பழையபடி ஜன்னல் போர்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஒரு கையால் செய்யலாம். இன்னொரு கையால் கொட்டாவியை மூடிக்கொள்ளலாம்.

பிளக்கில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். வீடு அமைதியாக இருந்தது. அவள் வகுப்பை நிறுத்தியிருந்தாள். "இன்னிக்கு இவ்வளவுதான், சத்தத்த சரி பண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லி முப்பத்திரண்டு பேரையும் அனுப்பிவிட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் வெயில். கட்டிலில் இன்னும் சூடு ஆறாத தலையணை.

என் கை பிளக்கிலிருந்து தானாக விலகியது. என் வாய் தானாகப் பேசியது.

"இது பெரிய கேஸ்மா."

"எவ்வளவு பெருசு?"

"நிதானமாப் பாக்கணும்."

"இன்னிக்கு ஆகுமா?"

"தூக்கக் கலக்கத்துல பாக்கற வேலை இல்ல இது."

அன்றைக்கு மூன்று மணி வரை தூங்கினேன். எந்தக் கழுத்தும் இறங்கவில்லை.

எழுந்தபோது அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"தையல் பள்ளியிலேருந்து பெரிய டீச்சர் போன் பண்ணாங்க. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கலைன்னா கிளாஸ வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

"பாத்துக்கலாம்."

"எனக்கு அந்தக் கிளாஸ் வேணுங்க."

அவள் எதையும் வேண்டும் என்று சொல்கிறவள் இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நான் மனசுக்குள் நாளை எண்ணினேன். சனிக்கிழமைக்கு முழுசாகப் பதினொரு நாள் இருந்தது. பத்து நாள் தூங்கிவிட்டுப் பதினோராம் நாள் பிளக்கை மாற்றினால் அவளுக்கு வகுப்பு, எனக்குத் தூக்கம், கூடுதலாக எனக்கு ஒரு பேர். யாருக்கும் நஷ்டம் இல்லாத திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்கள் எல்லாமே யாருக்கும் நஷ்டம் இல்லாமல்தான் ஆரம்பித்திருக்கின்றன.

மறுநாள் அவள் ஒரு நோட்டோடு வந்தாள்.

"எதுனால வருதுன்னு சொல்லுங்க. ஒண்ணொண்ணா கழிச்சுப் பாத்துடலாம்."

"அப்படியெல்லாம் சட்டுனு..."

"ஒரு சட்டை எங்க இழுக்குதுன்னு தெரியலைன்னா ஒவ்வொரு தையலாப் பிரிச்சுப் பாக்கறோம் இல்ல. அந்த மாதிரிதான். சொல்லுங்க."

எனக்கு அவசரமாக ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. "ஃபிரிட்ஜ்" என்றேன். ஃபிரிட்ஜை அணைத்தோம். இரைச்சல் அப்படியே இருந்தது. 'ஃபிரிட்ஜ் இல்லை' என்று நோட்டில் எழுதி அடியில் ஒரு கோடு போட்டாள். தலைகுனிந்து எழுதும்போது அவள் நாக்கு நுனி வெளியே தெரியும். இதை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை கொஞ்சம் தைரியம் வந்தது. குற்றவாளிப் பற்றாக்குறையை ஏன் நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடாது? என் மச்சான் கொடுத்த சுவர்க்கடிகாரம் ஒன்று கட்டிலுக்கு மேலே தொங்கியது. மணிக்கு ஒருமுறை பறவை மாதிரி கூவும். பகலில் தூங்குகிறவன் தலைக்கு மேல் கூவுகிற கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பவன் மச்சானாகத்தான் இருக்க முடியும்.

"எனக்கென்னவோ அந்தக் கடிகாரத்து மேலதான் சந்தேகமா இருக்கு."

"அது பேட்டரியில ஓடுது."

"பேட்டரியும் கரண்ட்டுதானேம்மா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

இறக்கி, பேட்டரியைக் கழற்றி, டிராயரில் வைத்துவிட்டாள். இரைச்சல் நிற்கவில்லை. 'கடிகாரம் இல்லை' என்று எழுதினாள். ஆனால் திரும்ப மாட்டவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், அவள் அண்ணன் பொருளைப் பற்றி நான் ஒன்று சொல்லி அதற்கு அவள் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. எட்டு கம்ப்ரஸரில் ஒன்று சுருதி மாறினால் எழுந்து போகிற காது, அந்த ஒரு 'சரி'யைக் கோட்டை விட்டது.

சனிக்கிழமை கீழ்வீட்டு லைன்மேன் மேலே வந்தார். மின்சார வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது வேலை இல்லாததால் எல்லா வீட்டுக் கரண்ட்டையும் பற்றிக் கவலைப்படுகிறவர். அவரைப் பார்த்ததும் நான் வாசல் பக்கத்து போர்டுக்கு முன்னால் போய் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"ஸ்பீக்கர் இரையுதாமே தம்பி. தங்கச்சி சொன்னிச்சு."

"ஆமாண்ணே. கொஞ்சம் சிக்கலான கேஸ்."

"ரெண்டும் ஒரே போர்டுலதான சொருகியிருக்கு?"

நாற்பது வருஷம் கம்பத்தில் ஏறினவருக்கு நாலு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"அதெல்லாம் சின்னப் பசங்க செக் பண்றதுண்ணே. இது ஹார்மோனிக்ஸ். நியூட்ரல் லைன்ல மூணாவது அலை ஏறிக்கிட்டு வந்து, கெப்பாசிட்டர்ல முட்டி, திரும்பற எடத்துல..."

"எனக்கு அலையெல்லாம் தெரியாது தம்பி. கம்பம் தெரியும், ஒயர் தெரியும். கொஞ்சம் தள்ளுங்க, அந்த போர்டப் பாக்கறேன்."

"கால் வலிண்ணே. அசைய முடியல."

"கால் வலின்னா உக்காரலாமே."

"உக்காந்தா இன்னும் வலிக்குது."

அவர் என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்தார். "உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரை வழியனுப்ப அவளும் மாடிப்படி வரைக்கும் போனாள். அங்கே ரெண்டு நிமிஷம் பேச்சுச் சத்தம் கேட்டது. என் காதுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டிருக்கும். நான்தான் கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து குற்றவாளியைத் தேடும் சிரமம் எனக்கு இல்லாமல் போனது. அவளே தேட ஆரம்பித்தாள்.

"என்னங்க, ட்ரான்ஸ்ஃபார்மர்னா அதச் சுத்தி ஏதோ இருக்கும்னு சொல்வீங்களே, என்ன அது?"

"காந்தப் புலம்." என்னிடம் யாராவது ஏதாவது கேட்டு எத்தனை நாளாகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது செவுரத் தாண்டி வருமா?"

"தாண்டி வருமாவா? காந்தப் புலத்துக்குச் செவுரு ஒரு பொருட்டே இல்ல. அது பாட்டுக்கு வரும், போகும்."

"அப்ப பின்னாடி ரூம்ல ஏழு இருக்கே."

எனக்குத் தெரியும். கரண்ட் கொடுக்காத ட்ரான்ஸ்ஃபார்மரும் செங்கல்லும் ஒன்று. காந்தப் புலமும் கிடையாது, ஒரு புலமும் கிடையாது. ஆனால் அதைச் சொன்னால் மிச்சம் இருப்பது பிளக் ஒன்றுதான். பேட்டரிக் கடிகாரத்தையே ஜெயிலில் போட்டவன், ட்ரான்ஸ்ஃபார்மரை எந்த வாயால் விடுதலை செய்வது?

"வாய்ப்பு... இருக்கு."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

பழைய சாமான் எடுக்கிற வண்டிக்காரர் அப்போது எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்படி அவ்வளவு சரியாக அந்த நேரத்துக்கு வந்தார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏழு ட்ரான்ஸ்ஃபார்மரும் படி இறங்கிப் போயின. ஒவ்வொன்றும் எந்தக் கடையில், எந்த மழையில் நனைந்துகொண்டு வாங்கியது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள். ம்ம்ம்ம்.

'ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை.'

"அப்ப அதுங்கள திரும்பக் கொண்டுவந்துடலாம்" என்றேன்.

"எதுக்கு? இந்த இரைச்சலுக்குக் காரணம் இல்லைன்னா வேற எதுக்காவது காரணமா இருக்கும். நீங்கதான் சொன்னீங்களே, செவுரத் தாண்டி வரும்னு. டேப் ரெக்கார்டர்ல காந்தம் இருக்கா?"

இருந்தது. மோட்டாரில் இருந்ததா? இருந்தது. ஒயர்ச் சுருள் ஏரியல் மாதிரி வேலை செய்யுமா? செய்யும் என்று நானே ஒரு நாள் அவளுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். அன்றைக்கு அவள் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். மனைவிகள் கேட்காத மாதிரி இருக்கும்போதுதான் நாம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும்.

திங்கள் டேப் ரெக்கார்டர், செவ்வாய் மோட்டார், புதன் ஒயரும் ரேடியோக்களும். மத்தியானம் எழுந்ததும் இதுதான் வேலை. அவள் ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடிக்க, ஒவ்வொரு சாமானாகத் தூக்கிப்போய்ப் படியில் வைத்தோம். நாங்கள் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம். அதில் பேசுவது சிலிண்டர் தீர்ந்துபோச்சு, தண்ணி வரல, சாவி எங்க என்பதோடு சரி. இந்த நாட்களில் அவள் என்னிடம் எர்த் என்றால் என்ன என்று கேட்டாள். கம்ப்ரஸர் ராத்திரியில் எப்படி இரையும் என்று கேட்டாள். நான் எட்டின் சத்தத்தையும் வாயால் இரைந்து காட்டினேன். ஆறாவது கம்ப்ரஸருக்கு அவள் சிரித்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த நீண்ட வேலை, இல்லாத இடத்தில் ஒரு பழுதைத் தேடியதுதான்.

கடைசியில் என் கையேடுகள் மட்டும் மிச்சம் இருந்தன. கிடங்கில் தூக்கிப்போட இருந்ததை நான் வீட்டுக்கு எடுத்து வந்தவை. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். தூசி தட்டினாள். எல்லாவற்றையும் தட்டி, அளவு வாரியாக மேல்தட்டில் அடுக்கினாள்.

"இது இரையாது" என்றாள்.

வியாழக்கிழமை, பத்தாவது நாள். பின்னறை காலி. தரை கழுவி, ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் கறுப்புத் திரை தைத்து மாட்டியிருந்தாள். "தூசி வராம இருக்கத்தான்" என்றாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து முன்னறையைப் பார்த்தேன். அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஊமையாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கின இத்தனை நாளும் இப்படித்தான் எடுத்திருக்கிறாள். எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று வாயையும் திறக்கவில்லை. துணியைத் தூக்கிக் காட்டுவாள், கத்தரியால் எங்கே என்று காட்டுவாள், பெரிய தாளில் கொட்டை எழுத்தில் 'இப்படித் திருப்பவும்' என்று எழுதி கேமராவுக்கு நேரே பிடிப்பாள். கம்ப்யூட்டர் திரையில் முப்பத்திரண்டு சதுரம் இருந்த இடத்தில் பத்தொன்பதுதான் இருந்தது. ஒரு பெண் ஏதோ கேட்பது வாயசைவில் தெரிந்தது. இவளுக்குக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கு ராத்திரி எட்டு கம்ப்ரஸரும் ஒழுங்காகத்தான் இரைந்தன. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. காலையில் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை பிளக். "கண்டுபிடிச்சுட்டேன்மா" என்று எப்படிச் சொல்வது, அதற்கு முன் எத்தனை வினாடி நெற்றியைச் சுருக்குவது எல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, எனக்கு ஒரு யோசனை..."

"எனக்கும்தான். உக்காருங்க." நோட்டைத் திறந்தாள். "நாளைக்கு சனிக்கிழமை. எல்லாத்தையும் கழிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

பிளக்கைச் சொல்லப்போகிறாள் என்று எனக்கு வியர்த்தது. "என்ன?"

"நீங்க."

"நானா?"

அவள் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரின் பின்னைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. "இந்த நுனியத் தொடுங்க."

தொட்டேன். ஸ்பீக்கர் டர்ர்ர் என்று அலறியது.

"விடுங்க."

விட்டேன். நின்றது.

"இன்னொரு தடவ தொடுங்க."

டர்ர்ர்.

"போதும்" என்றாள், ஏதோ ஒரு சோதனை முடிந்த மாதிரி.

"அது அப்படி இல்லம்மா. மனுஷ உடம்பு ஒரு ஏரியல் மாதிரி. சுத்தி இருக்கற கரண்ட்ட எல்லாம் வாங்கி..."

"வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்குது."

"ஒரு வகையில."

"நீங்க தொட்டாதான் அப்படியா? நான் தொட்டா?"

"யார் தொட்டாலும்தான். ஆனா..."

"நான் இந்த ரூம்ல இருந்தே ஆகணும். கிளாஸ் என்னோடது. நீங்க இருக்கணும்னு இல்லையே."

"ஏம்மா, பின்னத் தொட்டாத்தான் சத்தம் வரும். தூரத்துல கட்டில்ல படுத்திருக்கறவன் எப்படிம்மா..."

"ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஸ்பீக்கரத் தொட்டுக்கிட்டா இருந்துச்சு? செவுருக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடந்ததே காரணம்னு சொன்னீங்க. செவுருக்கு இந்தப் பக்கம் உயிரோட இருக்கறவர் காரணமா இருக்க மாட்டாரா?"

பத்து நாளாக நான் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து வைத்துக் கட்டியதுதான் அந்தச் சுவர். அதில் ஒரு விரிசல் தேடினேன். நல்ல கட்டுமானம். கிடைக்கவில்லை.

சரி, இதுவும் நல்லதற்குத்தான் என்று பட்டது. கட்டிலைப் பின்னறைக்குக் கொண்டுபோவோம். இரைச்சல் எப்படியும் நிற்காது. 'நீங்க இல்லை' என்று நோட்டில் எழுதுவாள். நான் நிரபராதியாக வெளியே வந்து, நெற்றியைச் சுருக்கி, பிளக்கை மாற்றுவேன். கட்டிலின் கனமான பக்கத்தை நானே தூக்கினேன். பின்னறைக்குள் அது அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம் படுங்க. நான் போட்டுப் பாக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நல்ல இருட்டு. தெருச் சத்தம் இல்லை. மேல்தட்டில் என் கையேடுகள் மங்கலாகத் தெரிந்தன. முன்னறையில் ஒரு சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. நான் காதைத் தீட்டிக்கொண்டு இரைச்சலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

எங்கள் தொழிலில் இரைச்சல் வந்தால் பயம் இல்லை. நின்றால்தான் ஓட வேண்டும். எழுந்து ஓடினேன்.

ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒயர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரு முனகல் இல்லை. ஜன்னல் பக்கத்து போர்டில், கம்ப்யூட்டர் பிளக்குக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் பிளக் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாசல் பக்கத்து போர்டில் இஸ்திரிப் பெட்டி. அவள் துணியில் சாக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சு பாத்தீங்களா" என்றாள், தலை நிமிராமல்.

நான் அந்த போர்டைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"பிளக்கப் பாக்கற மாதிரி இருந்துச்சு."

"செவுரப் பாத்தேன்."

"பிளக்குக்கும் இரைச்சலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

உண்டு என்றால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள். என்னிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

"இல்ல" என்றேன்.

"அதானே. இருந்திருந்தா இத்தன நாள்ல நீங்க சொல்லியிருக்க மாட்டீங்களா?" நோட்டை இழுத்து, நாக்கு நுனியை வெளியே நீட்டி, எழுதினாள். இந்தத் தடவை 'இல்லை' என்ற வார்த்தை வரவில்லை. 'அவர்' என்று மட்டும் எழுதி, ஒரு டிக் போட்டு மூடினாள். "போய்ப் படுங்க. இங்கயே நின்னீங்கன்னா மறுபடியும் வந்துடும்."

போய்ப் படுத்தேன். என்ன செய்வது, படுக்கை நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூச்சி சத்தம் மாதிரிதான் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் அதில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

"அக்கா, இரைச்சல் சுத்தமா போயிடுச்சே. என்ன பண்ணீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர எடுத்து உள்ள வச்சேன்."